அறுக்காத பாவு

"இந்த நீலம் எந்த மூட்டையிலேர்ந்து வந்தது? யார் உடுத்துன துணி? அதைச் சொல்லிட்டு அடுத்த பொதியை இறக்குங்க."

ஒதிலியா கேட்டே விட்டாள்.

உள்ளே தறியில் அப்பா ஃபிதென்சியோவின் கால் நின்றது. அடுப்படியில் சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மா எவுஃப்ராசியாவின் கை நின்றது. லாரியின் பின்பலகையில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாக இருந்த நூல் வியாபாரி எலாதியோ, தோளில் ஏற்றிய பொதியை இறக்கவும் இல்லை, திரும்ப ஏற்றவும் இல்லை. நடு மத்தியானம். மலிஞ்சே மலைப் பக்கம் மேகம் கூடிக்கொண்டிருந்தது.

கோந்த்லா ஊரில் தறி வைத்திருக்கிற எந்த வீட்டிலும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். மில்லில் பழந்துணியை அரைத்துப் பஞ்சாக்கி, மறுபடி நூற்று, பொதி பொதியாக அனுப்புவார்கள். வந்த நூலில் முறுக்குப் போதாது என்று சண்டை போடலாம். ஈரம் ஏற்றி எடையைக் கூட்டிவிட்டாய் என்று வியாபாரியின் அம்மாவை இழுத்துத் திட்டலாம். யாருடைய துணி என்று மட்டும் கேட்கக் கூடாது. கேட்டால் துணி பதில் சொல்லிவிடும். ஆறு வயதில், நூலுக்குள் அரைபடாமல் கிடந்த ஒரு சிப்பிப் பொத்தானை எடுத்துக்கொண்டு, "இது எந்தப் பாப்பாவோடது?" என்று ஒதிலியா கேட்டதற்கு, அம்மா மரக்கரண்டியால் வாயிலேயே போட்டாள். அடித்துவிட்டு அம்மாவே அழுதாள். அந்தப் பொதியை அன்றைக்கே திருப்பி அனுப்பினார்கள்.

"எனக்கு ஒண்ணும் காதுல விழல" என்றார் எலாதியோ.

"அப்ப சத்தமாக் கேக்கறேன்."

"வேணாம் புள்ள."

"தோன் எலாதியோ, இதைப் பாருங்க." பெரியவருக்குப் போடுகிற 'தோன்' குறையாமல் சொல்லிவிட்டு அவள் கையை விரித்தாள்.

காலையில் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றும்போது ராட்டை திணறியது. நூலைப் பிரித்துப் பார்த்தால் கட்டைவிரல் நகமளவு துணித் துண்டு ஒன்று அரைபடாமல் முறுக்கோடு சேர்ந்து வந்திருந்தது. நீலக் குளிர்ஜாக்கெட் துணி. அதில் ஆரஞ்சு நூலில் மூன்று தையல். மூன்றும் வலமிருந்து இடமாகச் சாய்ந்தவை. ஒவ்வொன்றிலும் தேவையில்லாத ஒரு முடிச்சு. அப்படித் தைக்கிற ஆள் அந்த ஊரில் ஒருத்திதான். ஒதிலியா இடக்கைக்காரி. அண்ணன் இசௌரோ வேலை தேடி எல்லை தாண்ட வடக்கே கிளம்பிய வாரம், அவனுடைய ஜாக்கெட்டின் மணிக்கட்டு பிய்ந்திருந்தது. அவள் கல்லூரிப் பயிற்சிக்கூடத்திலிருந்து கொண்டு வந்த ஆரஞ்சு நூலில் தைத்துக் கொடுத்தாள். "இது தையலா, தேள் நடந்துபோன தடமா?" என்று கேட்டுவிட்டு அதைத்தான் போட்டுக்கொண்டு போனான். மூன்று வருஷம் ஆகிறது. பஸ் ஏறிய நாலாம் நாள் ஒரு போன் வந்தது. அதற்குப் பிறகு இல்லை.

எலாதியோ துண்டைப் பார்த்தார். இசௌரோவுக்கு ஞானஸ்நானத்தில் மெழுகுவர்த்தி பிடித்த ஞானத்தகப்பன் அவர்; அந்த உறவில் அப்பாவும் அவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிடுவார்கள். பொதியை மெல்ல லாரியிலேயே திரும்ப வைத்தார். தொப்பியைக் கழற்றித் தறிக்கூடத்தைப் பார்த்துக் கும்பிடுவதுபோல் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"கொம்பாத்ரே, நான் கிளம்பறேன்."

"சாப்பிட்டுப் போங்க" என்றார் அப்பா உள்ளேயிருந்து. குரலில் அழைப்பே இல்லை.

"வேணாம். ஒதிலியா, நீ கேட்டுட்ட. இனி என்கிட்ட வந்து நிக்காத. பதில் வர்ற இடம் நான் இல்ல."

லாரி போனது. அடுப்பில் ரொட்டி தீயும் வாசனை வந்தது. அம்மா அதை எடுக்கவில்லை.

"காலேஜ்ல இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றாள்.

*

ஒதிலியா குவாமாட்ஸி அந்த வீட்டில் மட்டுமல்ல, அந்தத் தெருவிலேயே முதல் பட்டதாரி. அபிசாகோ நகரத்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தாள். திரும்பி வந்தபோது அப்பா சந்தைக் கடைகளுக்கு நாலு கோடு போட்ட மலிவுக் கம்பளி நெய்துகொண்டிருந்தார். கடற்கரையில் விரித்துப் படுக்கிற வெளியூர்க்காரர்களுக்கான சரக்கு. "இதை நெய்யறதுக்கு நீங்க எதுக்கு? மெஷின் போதும்" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நடுவில் கண் வைத்த பழைய கம்பளியை நெய்யச் சொன்னாள். ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு சாய்கட்டம். ஒவ்வொன்றையும் ஊரில் கண் என்பார்கள். ஒரு கண்ணுக்கு ஒரு நாள் பிடிக்கும். அசல் ஆட்டுமயிர் வாங்கிக் கட்டுபடியாகாது என்று அப்பா சொன்னதும், அரைத்த நூலிலேயே நெய்யலாம் என்றாள். சாயமே வேண்டாம், மில்லில் பழந்துணியை நிறவாரியாகப் பிரித்து அரைத்தால் அந்த நிறமே நூலில் நிற்கும். ஆயிரம் சட்டையின் சிவப்பு சேர்ந்த சிவப்புக்கு ஒரு ஆழம் உண்டு, தொட்டியில் முக்கிய சிவப்புக்கு அது கிடையாது.

அவள் சொன்னது சரியாகவே இருந்தது. தலைநகரில் ஒரு கடைக்காரி செங்கல் சிவப்பும் வெள்ளையுமாக இருபது கம்பளி கேட்டாள். ஆனால் அப்பா கடந்த ஐந்து மாதமாக நீலத்தைத் தவிர எதையும் வாங்கவில்லை. எலாதியோவிடம் இருக்கிற நீலத்தையெல்லாம் இறக்கச் சொன்னார். கட்டிலுக்கடியில், கூரைப் பரணில், சோளக் குதிருக்குப் பக்கத்தில், எங்கே கை வைத்தாலும் நீலப் பொதி. "செவப்பு எங்கப்பா?" என்றால், "வரும்" என்பார். அவளுக்கு எரிச்சலாக வரும். படித்த மகள் சொன்னால் கேட்கக் கூடாது என்று ஒரு வீம்பு, அவ்வளவுதான் என்று நினைத்தாள்.

தறிக்கூடத்தில் இரண்டு தறி. வாசல் பக்கம் அப்பாவுடையது. சுவரோரம் இசௌரோவுடையது. அவன் கிளம்பியபோது அதில் ஒரு கண் கம்பளி பாதியில் இருந்தது. நாலு கண் முடிந்திருந்தது. "வந்து முடிக்கிறேன், யாரும் கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். பிரயாணத்தில் இருக்கிறவன் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு இழையை இன்னொருவர் அறுக்க மாட்டார்கள். அவனே வந்து அறுக்க வேண்டும். வழியிலேயே இறந்துபோனான் என்று தெரிந்தால் மட்டும் தகப்பன் அறுப்பான். அதுதான் வழக்கம். மூன்று வருஷமாக அம்மா தினமும் அந்தத் தறிக்குத் தூசி தட்டுகிறாள். காணவில்லை என்று ஒதிலியா அச்சடித்துக் கொண்டு வந்த சுவரொட்டியைக் கத்தையோடு அடுப்பில் போட்டாள். செத்தவர்களுக்கு வைக்கிற நவம்பர்ப் படையலில் அவன் படம் வைக்க விட மாட்டாள். "ஊருக்குப் போனவனுக்கு எவளாவது படையல் போடுவாளா?" என்பாள். ஒதிலியாவுக்கு அந்தத் தறியைப் பார்க்கவே பிடிக்காது. தேடாமல் இருப்பதற்கு ஒரு மரச்சாமான் என்று நினைத்துக்கொள்வாள்.

*

அன்று சாயங்காலமே மழை பிடித்தது. விடிந்தும் விடவில்லை.

தறிக்கூடத்துக்குள் போனபோது நாய் தீசோன் இசௌரோவின் தறிக்கு அடியில், மிதிகளுக்கு நடுவில் படுத்திருந்தது. யாராவது நெய்யும்போதுதான் அது அங்கே படுக்கும். காலசைவில் அதன் முதுகு உரசப்படும், அதற்காக. மூன்று வருஷமாக அது அந்தப் பக்கம் போய் அவள் பார்த்ததில்லை.

"ஏய், வெளிய வா."

தீசோன் வாலை ஆட்டியது. வரவில்லை. அவளைப் பார்த்தும் ஆட்டவில்லை.

குனிந்து அதை இழுக்கப் போனவள், பிடிமானத்துக்காக உட்காரும் பலகையில் கையை ஊன்றினாள். பலகை சூடாக இருந்தது. வெயில் பட்ட சூடு இல்லை. பஸ்ஸில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் நாம் உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. கையை எடுத்துவிட்டாள். அப்போதுதான் கம்பளியைப் பார்த்தாள்.

நாலு கண் இருக்க வேண்டியதில் ஏழு இருந்தது.

முதல் நாலும் இசௌரோ நெய்த சாம்பலும் வெள்ளையும். அதற்குமேல் மூன்றும் நீலம். அவள் அளவு நாடா எடுத்து வந்து அளந்தாள். அளக்காமல் எதையும் நம்பக் கூடாது என்று படித்திருந்தாள். ஐந்தும் ஆறும் அப்பாவின் கைதான். தளர்வாக, ஒரு விரற்கடைக்குப் பதினொரு குறுக்கு ஊடை இழை. ஏழாவதில் பதினாறு ஓடியது. ஊடையை நெருக்குகிற அடிப்பலகையை அப்படி இறுக்கி அடிக்கிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான். அவன் நெய்தால் அடுத்த தெருவில் கேட்கும் என்று கேலி செய்வார்கள். அவள் மூன்று தடவை எண்ணினாள். மூன்று தடவையும் பதினாறு.

ஏழாவது கண்ணின் ஓரத்தில், நீலத்துக்குள், ஒரு காலர் முனை தெரிந்தது. நூலாக இல்லை, துணியாகவே. அதன் பக்கத்தில் ஜாக்கெட் பைத் தையலின் ஒரு கீற்று. ஐந்திலும் ஆறிலும் தடவிப் பார்த்தாள். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. ஏழாவதில் மட்டும் வேண்டுமென்றே வைத்து நெய்திருந்தார்கள்.

*

மத்தியானம் அவரைக்காய் ரசமும் வதக்கிய சப்பாத்திக்கள்ளியும். அம்மா வழக்கம்போல நாலாவது தட்டையும் வைத்தாள். கூரைத் தகரத்தில் மழை அடித்ததில் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"அப்பா, அண்ணன் தறியில நீங்க நெய்யறீங்களா?"

அம்மாவின் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது.

"சாப்பிடு" என்றார் அப்பா.

"நீலம், காலர், பை. உங்களுக்கு முன்னாடியே தெரியும். எப்பலேர்ந்து?"

"ஒதிலியா, வாயை மூடு" என்றாள் அம்மா.

"இருபத்தஞ்சு வருஷமா மூடிட்டுத்தாம்மா இருந்தேன். அப்பா, எப்பலேர்ந்து?"

ஃபிதென்சியோ கற்றாழைக் கள்ளை ஒரு மிடறு குடித்தார். மீசையைத் துடைத்துக்கொள்ளவில்லை.

"தவக்காலத்துக்கு முன்னாடி. முத பொதியில காலர் வந்தது. உள்பக்கம் அவன் பேரோட முதலெழுத்து, உங்கம்மா போட்டது. அப்புறம் பை. அப்புறம் ஒண்ணும் வரல. நேத்துதான் உன் தையல்."

"அஞ்சு மாசமா!"

"நான் கேக்கல புள்ள. கேக்கக் கூடாது. கொம்பாத்ரேகிட்ட நீலம் இருந்தா எல்லாத்தையும் எனக்கே இறக்குன்னு மட்டும் சொன்னேன். அவரும் ஏன்னு கேக்கல." அவர் தட்டைப் பார்த்துப் பேசினார். "மத்த வீட்டுக்குப் போயிட்டா? எவனாவது கோடு போட்டு நெய்து, கடற்கரையில மணல்ல போட்டு உக்காருவான். என்னால அது முடியல. இருக்கிறவரைக்கும் இங்க சேரட்டும்னு பாத்தேன்."

ஒதிலியாவுக்கு ஐந்து மாதமாக வீம்பு என்று நினைத்தது முழுக்க ஞாபகம் வந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை.

"சேத்து வச்சு என்னப்பா பண்றது? ஆளையா நெய்ய முடியும்? அந்த மூட்டை எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரிஞ்சா ஆளையே தேடலாம்ல!"

"ஜாக்கெட்டைக் கழட்டி வித்திருப்பான்" என்றாள் அம்மா. "இல்லன்னா யாருக்காவது குடுத்திருப்பான். அவன் அப்படித்தான். குளிருதுன்னு எவனாவது சொன்னா உடனே கழட்டிக் குடுத்துருவான்."

"அப்படின்னா நல்லது. போய்க் கேட்டு வர்றேன்."

"கேட்டா செத்துப் போயிட்டான்னு சொல்லுவாங்க!"

"சொன்னா?"

"சொன்னா செத்துருவான்டி!" எவுஃப்ராசியா மேசையில் அடித்தாள். நாலாவது தட்டு குதித்தது. "யாரும் சொல்லாதவரைக்கும் என் புள்ள வழியில இருக்கான். பஸ்ஸுல இருக்கான். நீ படிச்சவ, உனக்கு எல்லாம் தெரியும், ஆனா இது தெரியாது. நீ வாயைத் தொறந்த அன்னிக்கே வீட்டுக்குள்ள எதையோ கூப்பிட்டுட்ட."

குதித்த தட்டை நேராக வைத்துவிட்டு, ஒதிலியா தணிந்து கேட்டாள்.

"அப்பா, நீங்க எத்தனை கண் நெய்தீங்க?"

"ரெண்டு. அம்மா சோளம் அரைக்க மில்லுக்குப் போற நேரத்துல, நீயும் வீட்டுல இல்லாதப்ப, கொஞ்சம் கொஞ்சமா."

"ரெண்டா, மூணா?"

"ரெண்டும்மா. அஞ்சு, ஆறு. காலர ஒண்ணுல வச்சேன், பையை ஒண்ணுல."

"காலர் ஏழாவதுல இருக்கு. பையும் அங்கதான் இருக்கு."

அப்பா எழுந்து போனார். தறிக்கூடத்தில் அவர் நின்ற நேரம் அதிகம். திரும்பி வந்தவர் உட்காரவில்லை.

"நீ நெய்தியா?"

"எனக்கு அந்த அடி வராதுப்பா. உங்களுக்கே வராது."

இரண்டு பேரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"என்னைப் பாக்காதீங்க" என்றாள் எவுஃப்ராசியா. "நான் தூசி தட்டறதோட சரி. நீலம் ஏறுறதைப் பாத்தேன், கேக்கல." பிறகு மிக மெதுவாக, கிட்டத்தட்ட சந்தோஷமாக, "நான்தான் சொன்னேன்ல, அவன் வழியில இருக்கான்னு" என்றாள்.

ஒதிலியாவுக்கு அந்தச் சந்தோஷம்தான் பயமாக இருந்தது. தறி பயமாக இல்லை.

*

மூன்றாம் நாள் காலை, மழை கொஞ்சம் விட்டிருந்தபோது, லாரி தெருவில் வந்து நின்றது. எலாதியோ வாசலுக்குள் வரவில்லை. இறங்கவும் இல்லை. ஒதிலியா வெளியே போனாள்.

"பதில் சொல்ல வந்தீங்களா?"

"நான் எதுக்குச் சொல்றேன்? என் வாயால சொல்ல மாட்டேன். டயரைப் பாக்க நிறுத்துனேன்."

"டயர் நல்லாத்தான் இருக்கு."

"நீ கெட்ட பொண்ணு. சின்ன வயசுலேர்ந்தே." அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார். மூட்டையில் கட்டுகிற தகரச் சீட்டு ஒன்று சேற்றில் விழுந்தது. "என்னமோ கீழ விழுந்துருச்சு. எனக்கு அது வேணாம். மில்லுல கிடந்தது, எடுத்துட்டு வந்துட்டேன், எதுக்குன்னு தெரியல."

அவள் எடுத்துத் துடைத்தாள். ஒரு எண். எல்லைக்குப் பக்கத்தில் ஒரு ஊரின் பெயர். அதன் கீழே, ஆணி வைத்துத் தட்டிய எழுத்தில், உரிமை கோரப்படாதவை என்று இருந்தது.

"தோன் எலாதியோ, இது பழந்துணிக் கடை மூட்டை இல்லையே. சவக்கிடங்குலேர்ந்து வந்ததா?"

அவர் வண்டியைக் கிளப்பினார். கிளப்பிவிட்டு நகராமல் இருந்தார்.

"நான் மெழுகுவர்த்தி பிடிச்ச புள்ள" என்றார். "அவன் ஞானஸ்நானத் தண்ணி பட்டதும் அழவே இல்ல. சிரிச்சான். எனக்கு அப்பவே பிடிக்கல." கண்ணைத் தோள்பட்டையில் துடைத்துக்கொண்டார். "வெறும் கையோட போகாத. அங்க வெறும் கையோட வர்றவங்க தெருக்கோடி வரைக்கும் வரிசையில நிக்கறாங்களாம். எதையாவது காட்டணும்."

*

அவள் பையில் இரண்டு மாற்றுத்துணி வைத்தாள். அவன் படத்தை வைத்தாள். பிறகு அப்பாவின் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு தறிக்கூடத்துக்குப் போனாள்.

அம்மா தறிக்கு முன்னால் நின்றிருந்தாள்.

"அதைக் கீழ வை."

"காலர் அதுல இருக்கும்மா. நீ போட்ட எழுத்து அதுல இருக்கு. அதைக் காட்டினாத்தான் கதவைத் தொறப்பாங்க."

"அறுத்தா அவனுக்குத் திரும்பி வர எடம் இருக்காது."

"மூணு வருஷமா எடம் போட்டு வச்சிருக்கோம். வந்தானா?"

"வந்துட்டுத்தான இருக்கான்! நீயே எண்ணுனியே, பதினாறுன்னு!"

ஒதிலியா கத்தரிக்கோலைக் கை மாற்றிக்கொண்டாள். அவள் படித்த எதிலும் அந்தப் பதினாறுக்குக் கணக்கு இல்லை.

"அம்மா, அது அவனா இருந்தா, என்கிட்ட என்ன சொல்றான்னு நினைக்கிற? சும்மா கம்பளி நெய்யவா இவ்வளவு தூரம் வருவான்? காலரை எடுத்து முன்னாடி வச்சிருக்கான். கண்ணுல படற மாதிரி, ஓரத்துல வச்சிருக்கான். எடுத்துட்டு வான்னு சொல்றான். நீதான் வீட்டுக்குள்ளயே கட்டி வச்சிருக்க."

"நீ அறுக்கக் கூடாது. அறுக்கறதுன்னா அப்பாதான்..."

"அப்பா அறுத்தா செத்துட்டான்னு அர்த்தம். நான் அறுத்தா அப்படி இல்ல. தங்கச்சி அறுத்தா என்ன அர்த்தம்னு எவனும் இதுவரைக்கும் சொல்லல. நான் தேடப் போறேன்னு அர்த்தம்."

எவுஃப்ராசியா வழி விடவில்லை. மறிக்கவும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். ஒதிலியா இடக்கையில் கத்தரியை வைத்து, பாவு இழைகள் நுழைந்து வரும் அச்சுக்கு முன்னால், ஓரத்திலிருந்து வெட்டினாள். சோளக்கஞ்சி போட்ட பாவு. ஒவ்வொரு பிடிக்கும் நறநறவென்று சத்தம். கடைசி இழை அறுந்ததும் கம்பளி அவள் மடியில் விழுந்தது. மூன்று நாள் மழைக் குளிரில் அது கதகதவென்றிருந்தது.

அச்சுக்குப் பின்னால் அறுந்த இழைகள் தொய்ந்து விழவில்லை.

அப்படியே, நேராக, இழுத்துப் பிடித்ததுபோல நின்றன. நானூறு இழையும். கஞ்சி இறுகினால் பாவு விறைக்கும், வகுப்பில் படித்ததுதான் என்று ஒதிலியா தனக்குள் சொல்லிக்கொண்டாள். மழை ஈரத்தில் கஞ்சி இளகத்தான் செய்யும் என்பதும் அதே வகுப்பில் படித்ததுதான்.

அம்மா வந்து அந்த இழைமுனைகளை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்துக்கொண்டாள். குழந்தையின் கையைப் பிடிப்பதுபோல.

"அந்தப் பக்கம் இழுக்குதுடி" என்றாள். "ஒதிலியா, வந்து பிடிச்சுப் பாரு."

ஒதிலியா பிடித்துப் பார்க்கவில்லை. பிடித்தால் போக மாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கம்பளியைச் சுருட்டித் தோளில் போட்டாள். கத்தரிக்கோலை இருந்த ஆணியில் திரும்ப மாட்டினாள்.

வெளிக்கதவருகில் அப்பா நின்றிருந்தார். துணியில் கட்டிய ரொட்டியை அவள் பையில் வைத்தார். கம்பளியைத் தொட்டுப் பார்த்தார். காலர் இருந்த இடத்தைத் தேடாமலே கண்டுபிடித்து, அதில் விரலை வைத்து எடுத்தார்.

"செவப்பு நூல் வந்தா வாங்கிப் போடறேன்" என்றார். "கடைக்காரிக்குச் சொல்லிடு."

"சொல்றேன்ப்பா."

அப்போது உள்ளே தறியின் மிதி ஒருமுறை கீழே இறங்கி மேலே ஏறியது. அடிப்பலகை ஒருமுறை அடித்தது. இறுக்கமான அடி, அடுத்த தெருவில் கேட்கிற மாதிரி. அப்பா அவள் எதிரே நின்றிருந்தார். அம்மாவின் இரண்டு கையும் பாவில் இருந்தன. தீசோன் குரைக்கவில்லை.

அப்பாவின் கண் தறிக்கூடத்தின் பக்கம் போனது. ஒதிலியா தகரச் சீட்டு சட்டைப்பையில் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, கதவைத் தள்ளித் தெருவில் இறங்கி, வடக்கே போகிற பஸ் நிற்கும் மூலையைப் பார்த்து நடந்தாள்.